பக்கத்து வீட்டு அக்ரூட் மரம்

கட்டாகூர்கான்,
அக்டோபர் கடைசி வாரம்

மருமகள் ஹுல்கருக்கு மாமியார் ஷரோஃபத் எழுதுவது.

மேலே ‘அன்பு’ என்று எழுதி அடித்திருப்பது தெரியும். பேனாவுக்குப் பழக்கதோஷம். கண்டுகொள்ளாதே.

இங்கே நானும் உன் மாமாவும் சுகம். அங்கே நீயும் உன் அம்மா அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் அழைத்தால் நீ எடுப்பதில்லை. உங்கள் மலையில் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்பது உண்மையாகவும் இருக்கலாம், நான் விசாரிக்கப் போவதில்லை. செய்தி தட்டி அனுப்பவும் எனக்கு வராது. ஓர் எழுத்தை அழுத்தினால் பக்கத்தில் உள்ள இரண்டும் சேர்ந்து விழுகின்றன. நோர்முரோத் வாராவாரம் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வருகிறானே, அவன் கையில் கொடுக்கிறேன். பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை. அவன் பெண்டாட்டி எழுதிக் கொடுக்கும் சாமான் சீட்டையே முழுசாகப் படிக்க மாட்டான்.

கம்பளிச் சால்வையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மலையில் இந்நேரம் குளிர் இறங்கியிருக்கும். அதைக் கொடுத்தனுப்பத்தான் இந்தக் கடிதம். வேறு எதற்கும் இல்லை.

வேறு எதற்கும் இல்லை என்றாலும், எழுத உட்கார்ந்தாயிற்று, அதனால் சொல்கிறேன். இந்தத் தெருவில் மருமகள் இருக்கிற வீட்டு முற்றம் விடியும்போது துடைத்த தட்டு மாதிரி இருக்க வேண்டும். நான் உண்டாக்கின சட்டம் இல்லை அது. நீயோ உதிர்ந்த இலையையெல்லாம் வாரி அந்த மூன்று பாத்தி மேல் குவித்து வைத்திருந்தாய். காற்றடித்தால் முற்றம் முழுக்க இலை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லுத்ஃபிநிசோ எட்டிப் பார்த்து, ‘ஷரோஃபத் அக்கா, மருமக வந்த வீடா இது? கோழி கெளறின மாதிரியில்ல கெடக்கு முத்தம்!’ என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. கூட்டினேன். கூட்டினதை எரித்தேன். தெருவில் எல்லா வீட்டிலும்தான் எரிக்கிறார்கள். நீ வாளித் தண்ணீரோடு ஓடிவந்து அணைத்தாய். பாத்தியிலிருந்து வாரினதெல்லாம் அதற்குள் சாம்பலாகிவிட்டது.

அப்புறம் நான் மலையைப் பற்றி ஏதோ சொன்னேனாம். ‘மலையில குப்பைக்கு நடுவுல வளந்தவளுக்கு முத்தம்னா என்னன்னு தெரியுமா’ என்று லுத்ஃபிநிசோ எதிரிலேயே சொன்னேன் என்று உன் மாமா சொல்கிறார். எனக்கு அவ்வளவு நினைவில்லை. கண்ணில் புகை இருக்கும்போது வாயில் வருவதை யாராவது சேர்த்து வைத்துக்கொள்வார்களா? நீ வைத்துக்கொண்டாய். மத்தியான வண்டிக்கே பையைத் தூக்கிவிட்டாய்.

உன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாய் என்று தெருவில் சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொல்லி வை, என்னைப் பொய்க்காரி ஆக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. என் பிள்ளை சஞ்சர் ரஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்பின அன்று ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டி, அவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்பதற்காக அடுக்களைச் சுவரில் தொங்குகிறது. நீ ரொட்டி கடிக்காமலே வாசலைத் தாண்டினாய். என்ன கோபம் இருந்தாலும் அதைச் செய்திருக்கலாம். அவன் ரொட்டிக்குப் பக்கத்து ஆணி மொட்டையாக நிற்கிறது. சட்டி எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

பெரியவள் ஆசி சொல்லி முடிப்பது முறை. நன்றாக இரு.

ஷரோஃபத்

முதல் பாத்தியில் பூண்டு என்று தெரிகிறது. இரண்டாவதில் என்ன போட்டாய்? மூன்றாவதில் என்ன? தெரிந்துகொள்ள ஆசை ஒன்றும் இல்லை, தண்ணீர் விடுவதற்காகக் கேட்கிறேன்.

*

கட்டாகூர்கான்,
நவம்பர் நடுவில்

அன்பு மருமகள் ஹுல்கருக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

உன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. நோர்முரோத் தானாகவேதான் சொன்னான்: ‘சால்வைய வாங்குச்சு, மோந்து பாத்துச்சு, போத்திக்கிச்சு. வேற ஒண்ணும் சொல்லல அத்தை.’ மோந்து பார்த்தாயா? அதில் என்ன இருக்கப் போகிறது, நம் தந்தூர் அடுப்புப் புகைதான்.

திராட்சைக் கொடியைப் படுக்க வைத்து மண் மூடியாயிற்று. போன வருஷம் நீ கொடிமேல் முழங்காலை ஊன்றி அமர்த்திப் பிடித்தாய், நான் மண்ணைத் தள்ளினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. இந்த வருஷம் உன் மாமா பிடித்தார். பிடித்தாரா, அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாரா என்று தெரியவில்லை. நான் மண்வெட்டியோடு நிற்கிறேன், அவர் ‘இரு இரு, இடுப்பு புடிச்சுக்கிச்சு’ என்கிறார். கை நழுவியதும் கொடி விருட்டென்று எழுந்து என் முக்காட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. நான் போட்ட கூச்சலில் லுத்ஃபிநிசோ சுவர்மேல் முளைத்தாள், வேறு வேலை இல்லாதவள். ஆத்திரத்தில் நானே போய் அழுத்தினேன். கிழக்குப் பக்கத்துக் கிளை முறிந்தது. கறுப்புக் குலை நிறையக் காய்க்குமே, அது.

உன் மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ‘சஞ்சர் அம்மா, கொஞ்சம் பதமா அமுக்கினா என்ன? ஒன் கை பட்டா எதுதான் வளையும்? ஒடியத்தான் ஒடியும்’ என்றார். கொடியைத்தான் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி அவருக்குச் சூப்பில் கறித்துண்டு போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சஞ்சர் போன் செய்தான். மார்ச்சில் நவ்ரூஸ் பண்டிகைக்கு லீவு கிடைத்துவிட்டதாம், வருகிறான். எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. ஹுல்கர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? அவன் கேட்கவே இல்லை. ‘ஹுல்கர் சொன்னா, ரெண்டு பேரும் சேந்து கொடிய மூடிட்டீங்களாமே. ஒனக்கு முழங்கால் வலி தேவலையாம்மா? அவகிட்ட விட்டுட்டு நீ சும்மா உக்காரக் கூடாதா?’ என்றான். ‘தேவலைடா’ என்றேன்.

உன் இடத்தில் நான் இருந்தால் முதல் வேலையாக அவனிடம் சொல்லியிருப்பேன். நடந்ததோடு நடக்காததையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். நீ மேட்டில் ஏறி நின்றுகொண்டு அவனிடம் நம் வீட்டுக் கொடியை மூடிக்கொண்டிருக்கிறாய். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஹுல்கர்.

தோட்டத்து விஷயம். நீ ஆசைப்பட்டபடியே பாத்திகளுக்கு இலை போட்டாயிற்று. லுத்ஃபிநிசோ வீட்டு அக்ரூட் மரம் ஏகமாகக் கொட்டியிருந்தது. சாக்குச் சாக்காக வாரிக்கொண்டு வந்து மூன்று பாத்தியையும் தடிமனாக மூடிவிட்டேன். அக்ரூட் இலை கனமாகவும் இருக்கிறது, காற்றில் பறக்காது. வசந்தம் வரை அப்படியே கிடக்கட்டும். இப்போது திருப்திதானே?

கேரட்டைத் தோண்டி எடுத்துவிட்டேன். குழியில் மணலுக்குள் புதைக்கும் முன் நன்றாகக் கழுவிவிடலாம் என்று இருக்கிறேன். மண்ணோடு வைத்தால் அசிங்கமாக இருக்காதா?

குளிரில் வெறுங்காலோடு வெளியே இறங்காதே. இறைவன் உன்னைக் காக்கட்டும்.

ஷரோஃபத்

*

அர்ச்சாலிசோய்,
நவம்பர் கடைசி

மரியாதைக்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

அந்த இலையை இன்றைக்கே அள்ளிவிடுங்கள்! நோர்முரோத் அண்ணன் வண்டியை அணைக்காமல் நிற்கிறார், அதனால் வேகமாக எழுதுகிறேன். அக்ரூட் இலையின் சாறு மண்ணில் இறங்கினால் கீழே கிடக்கும் விதை முளைக்காது. எங்கள் ஊரில் அக்ரூட் மரத்தடியில் புல்கூட இருக்காது. வாரினதைத் தெருவோரம் தனியாகக் குவித்து வையுங்கள், எரிக்க வேண்டாம். பாத்திக்கு மல்பெரி இலை போடுங்கள், ஆப்ரிகாட் இலை போடுங்கள், திராட்சை இலையும் ஆகும். நான்கு விரல் தடிமன் போதும். பறக்காமல் இருக்க, வெட்டிப் போட்ட தக்காளிக் கொடியை மேலே பரப்புங்கள்.

கேரட்டைக் கழுவக் கூடாது அம்மா! மண்ணோடுதான் இருக்க வேண்டும். தலையை மட்டும் கிள்ளிவிட்டு, ஒன்றையொன்று தொடாமல் மணலில் அடுக்குங்கள். ஈரமான மணல், ஆனால் பிழிந்தால் சொட்டக் கூடாது.

பனி விழுந்தால் அப்பா நம் கூரையிலிருந்து தள்ளுவாரே, அதை வாய்க்காலில் கொட்ட விடாதீர்கள். சுத்தமான பனியைப் பாத்திகள் மேலும் கொடி மேலும் குவிக்கச் சொல்லுங்கள். மெதுவாக உருகி உள்ளே இறங்கும்.

இலை போட்டது முற்றத்தை அசிங்கப்படுத்த இல்லை. போன கோடையில் நம் முறைத்தண்ணீர் வரவில்லை. விடியும் வரை வாளியோடு வாய்க்கால் ஓரத்தில் நின்றது நீங்கள்தான். மறுநாள் முழங்கால் வீங்கிப் படிக்கட்டு ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மூடி வைத்த மண்ணுக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம். அதற்காகத்தான் போட்டேன்.

இரண்டாவது பாத்தியில் கீரை. மூன்றாவது முளைத்தால் தெரியும்.

மலையைப் பற்றி நீங்கள் சொன்னதை என் அம்மாவிடம் சொல்லவில்லை. உதவிக்கு வந்திருக்கிறேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மண் வேலை செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் உங்கள் விரல் வெடிக்கும். ஆட்டுக் கொழுப்பு தடவுங்கள், அலமாரியில் நீல மூடிப் பாட்டிலில் இருக்கிறது.

ஹுல்கர்

*

கட்டாகூர்கான்,
ஜனவரி

அன்பு மகளுக்கு,

பெரிய சில்லா தொடங்கிவிட்டது. இந்த நாற்பது நாள் குளிரைத் தாண்டிவிட்டால் எதையும் தாண்டிவிடலாம். குழாய் உறைந்துவிட்டது. உன் மாமா காலையிலும் மாலையிலும் வெந்நீர் ஊற்றி அதைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

நீ அவசரமாகக் கிறுக்கினதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை உன் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினார். நீல மூடிப் பாட்டில் கிடைத்தது. விரலுக்குத் தடவினேன், ஆறியிருக்கிறது.

நீ சொன்னபடி அக்ரூட் இலை போயே போய்விட்டது. இப்போது மூன்று பாத்தியிலும் மல்பெரி இலை. இந்தப் பனியில் மல்பெரி இலை எங்கே கிடைத்தது என்று கேட்காதே. கேரட் மண்ணோடுதான் குழிக்குள் போயிற்று. வெங்காயத்தைச் சடை பின்னி மாட்டியிருக்கிறேன், குளிர்கால முலாம்பழம் சரக்கறையில் உறிகளில் தொங்குகிறது. ஒன்று மட்டும் ரொம்பப் பழுத்துவிட்டது. ‘ஹுல்கர் பங்கு அது, தொடாதே’ என்று உன் மாமா சொல்கிறார். அழுகிப் போனாலும் சரியாம். அந்த மனிதரோடு என்ன பேசுவது.

பனி நிறைய விழுந்தது. அவர் கூரையிலிருந்து தள்ளத் தள்ள, நான் கீழே நின்று அள்ளி அள்ளிப் பாத்தியில் போட்டேன். ஒரு கூடைப் பனியை என் தலைமேலேயே தள்ளிவிட்டு, ‘தெரியாம விழுந்துடுச்சு’ என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நீ போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்த முற்றத்தில் இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்போது லுத்ஃபிநிசோ கதை. உனக்கு இதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். பனி குவித்துக்கொண்டிருக்கும்போது சுவர்மேல் தலை தெரிந்தது. ‘ஷரோஃபத் அக்கா, ஒங்க சம்பந்தியம்மாவுக்கு இன்னுமா ஒடம்பு தேறல? மருமக வருவாளா மாட்டாளா? இலை கொட்டுற காலம் பூரா நீங்கதான விடியக்காலைல புதுப் பொண்ணு மாதிரி தெருவையே கூட்டிக்கிட்டு இருந்தீங்க. நாங்க பாக்கலைன்னா நெனச்சீங்க?’ என்றாள்.

ஆமாம், கூட்டினேன். அதை உனக்கு எழுதவில்லை. மருமகள் உள்ள வீட்டில் மாமியார் துடைப்பம் எடுத்தால், யாரும் எதுவும் சொல்லாமலே தெருவுக்குச் சேதி போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா?

அவள் அத்தோடு விடவில்லை. ‘குப்பையப் போயி மெத்த மாதிரி பரத்தி வெச்சிருக்கீங்களே, மலையேறிப் போனவ ஒங்களுக்கும் அந்தப் பழக்கத்தக் குடுத்துட்டுப் போயிட்டாளா?’ என்று சிரித்தாள். நான் சம்மட்டியால் அடித்த மாதிரி மண்வெட்டியைப் பனியில் குத்தினேன். ‘இந்தா லுத்ஃபி, அது குப்ப இல்ல, போர்வ. எம் மருமக எனக்குச் சொல்லிக் குடுத்தது. ஒரு சொட்டுத் தண்ணியக்கூடக் காப்பாத்தத் தெரிஞ்ச சனங்க அவங்க. வாய்க்காலப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு ஆகஸ்ட் மாசம் தண்ணிக்கு அடிச்சுக்கிறோமே, நமக்கு என்ன தெரியும் மலையப் பத்தி? எனக்கும் சேத்துத்தான் சொல்றேன், கேட்டுக்க’ என்றேன். சத்தமாகவே சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்றுதான் சொன்னேன். அன்றைக்கு மலையைப் பற்றிச் சொன்னதும் இதே சுவரோரத்தில், இதே சத்தத்தில்தானே.

லுத்ஃபிநிசோ தலையை இறக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் மறுபடி முளைத்து, ‘அக்கா, அது பூண்டுக்கு மட்டுமா, வெங்காயத்துக்கும் போடலாமா?’ என்றாள். அந்தப் பெண்ணோடு கோபமாக இருப்பதும் கஷ்டம்.

ஒரு சந்தேகம். பூண்டு முளை இலைக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. குளிரில் கருகிவிடுமே, நுனியைக் கத்தரித்துவிடட்டுமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே பதில் எழுது.

சஞ்சர் போன வாரம் பேசினான். உன் பெயரை நான்தான் முதலில் எடுத்தேன். ‘அவ கீரைப் பாத்திகிட்ட இருக்காடா’ என்றேன். சொல்லும்போதே நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

நீடூழி வாழ்க, மகளே. உன் அம்மாவுக்கு என் வணக்கம். அவருக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும், நான் சொன்ன பொய் பலித்துவிடக் கூடாது.

ஷரோஃபத்

*

அர்ச்சாலிசோய்,
பிப்ரவரி முதல் வாரம்

அம்மாவுக்கு,

முளையைக் கத்தரிக்க வேண்டாம். அது உங்களுக்கும் தெரியும்.

லுத்ஃபிநிசோ சித்தி வீட்டில் அக்ரூட் மரம் கிடையாது. ஒரு மாதுளையும் நம் சுவர்மேல் சாய்ந்த மல்பெரியும்தான் உண்டு. நம் தெருவிலேயே அக்ரூட் இல்லை. நவம்பரில் உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அது தெரியும். மழலையர் பள்ளிச் சமையலறையில் இத்தனை வருஷம் மணல் குழியிலிருந்து கேரட் எடுத்துக் குழந்தைகளுக்குச் சமைத்துப் போட்டவர், அதைக் கழுவிப் புதைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார் என்றால், அதை நம்புகிற அளவுக்கு நான் வெள்ளந்தி இல்லை.

நோர்முரோத் அண்ணன் வண்டி நின்றுகொண்டிருந்தது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அக்ரூட் இலை என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னும் கேளுங்கள் அம்மா. என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பதில் எழுதுகிறேன்.

ஹுல்கர்

*

கட்டாகூர்கான்,
மார்ச் பிறந்ததும்

என் கண்ணே ஹுல்கர்,

கள்ளி! எல்லாம் தெரிந்துகொண்டு எனக்கு நான்கு விரல் தடிமன், பிழிந்தால் சொட்டாத மணல் என்று பாடம் எடுத்திருக்கிறாய். உன் கடிதத்தை உன் மாமாதான் படித்துக் காட்டினார். ‘அக்ரூட் மரம் கிடையாது’ என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், நான் எழுந்து போய் அடுப்பில் இல்லாத பாலைக் கிளறினேன்.

சரி, நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாத்திகள் மேல் முதல் நாளிலிருந்து கிடப்பது மல்பெரி இலைதான். வாசலுக்கு வெளியே தெருவைக் கூட்டி, மற்றவர்கள் எரிப்பதற்கு முன் வாரிக்கொண்டு வந்தது. நல்லபடியாகப் போட்டிருக்கிறேன் என்று எழுதினால் ‘சரி’ என்று நினைத்துக்கொண்டு நீ பேசாமல் இருந்துவிடுவாய். தப்பாகச் செய்தேன் என்று எழுதினால்தான் உனக்குக் கை பொறுக்காது என்று நினைத்தேன். பாத்திக்கு ஒரு கெடுதல் என்றால் நீ நெருப்புக்குள்ளும் வாளியோடு வருகிறவள், அதை நான்தான் கண்ணால் பார்த்திருக்கிறேனே.

ஆப்ரிகாட் பூத்துவிட்டது. பூண்டு இலையைத் தள்ளிக்கொண்டு கையளவு வந்திருக்கிறது. தெருவிலேயே நம் பூண்டுதான் உயரம். லுத்ஃபிநிசோ தினமும் வந்து அளந்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறாள். இலைக்கடியில் கையை விட்டுப் பார்த்தேன், மண் கறுப்பாக, பிசைந்த மாவு மாதிரி ஈரமாக இருக்கிறது. இன்னும் ஒரு வாளித் தண்ணீர்கூட விடவில்லை. கீரை முதல் பறிப்புக்குத் தயார். கீரை சம்சா செய்யலாம் என்று உன் மாமா நச்சரிக்கிறார். நீ இல்லாமல் அந்தப் பாத்தியில் கை வைக்க மனசு வரவில்லை, இன்னும் பறிக்கவில்லை.

முறிந்த திராட்சைக் கிளையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் மண்ணை விலக்கிப் பார்த்தேன். முறிவுக்குக் கீழே ஒரு மொட்டு உயிரோடு இருக்கிறது. கொடி முழுவதையும் இனிமேல்தான் திறக்க வேண்டும். சஞ்சர் வருவதற்குள் பந்தலில் ஏற்றிவிட்டால் நல்லது. மூடுவதையாவது அழுத்தி மூடிவிடலாம், எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், அதுவும் கை பதமான ஆள் ஒன்று வேண்டும். என் கையைப் பற்றி உன் மாமா சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேனே.

இப்போது மூன்றாவது பாத்தி. ஹுல்கர், இதைக் கவனமாகப் படி.

அதில் முளைத்துவிட்டது. நூல் மாதிரி மெல்லிசாக, நெருக்கமாக, பாத்தி முழுக்க. ஒன்று சிவப்புத் தண்டோடு இருக்கிறது. இன்னொன்று வெளிர்பச்சை, இரண்டு இலை. ஏதோ ஒன்று நீ உன் ஊரிலிருந்து முக்காட்டு நுனியில் முடிந்து கொண்டுவந்து விதைத்தது. மற்றொன்று களை. எது எது என்று எனக்குத் தெரியவில்லை. உன் மாமாவுக்கும் தெரியவில்லை. லுத்ஃபிநிசோ சிவப்பைப் பிடுங்கு என்கிறாள், அதனாலேயே சிவப்பைப் பிடுங்கப் பயமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் அந்தப் பாத்தி முன்னால் குந்தி உட்கார்ந்து பார்க்கிறேன், விரலை மடக்கிக்கொண்டு எழுந்து வருகிறேன். விட்டால் களை மூடிவிடும். தொட்டால் நீ போட்டதையே பிடுங்கிவிடுவேன். ஒரு தடவை என் கையால் உன் பாத்தியைக் கெடுத்தது போதும்.

இது நடிப்பு இல்லை மகளே. இதுவரை கேட்டதெல்லாம் தெரிந்துகொண்டே கேட்டேன். இது சத்தியமாகத் தெரியாமல் கேட்கிறேன். கடிதத்தில் சொன்னாலும் எனக்கு விளங்காது. பக்கத்தில் உட்கார்ந்து ‘இது, இது’ என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

கோபித்துக்கொண்டு போன மருமகளை மாமனாரும் மாமியாரும் ரொட்டி எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவதுதான் முறை. வருவதற்கு உன் மாமா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டார். உன் அம்மா எதிரில் வந்து நின்று நான் கூப்பிட்டு, நீ தலையைக் குனிந்துகொண்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? அதை நினைத்தால்தான் கால் எழவில்லை. அதனால் முதலில் ரொட்டியை மட்டும் நோர்முரோத் கையில் அனுப்புகிறேன். விடியற்காலையில் நானே சுட்டது. நடுவில் கொஞ்சம் தீய்ந்திருக்கும், உன் ஞாபகத்தில் விட்டுவிட்டேன்.

நீ வருவாய் என்றால் அதில் ஒரு வாய் கடித்துவிட்டு மிச்சத்தைத் துணியில் சுற்றி அவனிடமே திருப்பிக் கொடு. சஞ்சர் ரொட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் உன்னை அழைக்க வருகிறோம். நீ வந்து உன் கையால் எடுத்து மிச்சத்தைத் தின்ன வேண்டும்.

உனக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்றால், என் கண்ணே, முழுவதையும் நீயே சாப்பிட்டுவிடு. நீ பசியோடு மட்டும் இருக்கக் கூடாது.

முற்றத்தைக் கூட்டவில்லை. ஆப்ரிகாட் பூ உதிர்ந்து வாசல் வரை கிடக்கிறது. நீ வந்து பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும்.

உன் அம்மா,
ஷரோஃபத்